கார்டும் ஸ்டிக்கரும் மாற்றத் தொடங்கும் வீட்டுக்கு ஒரு வழிகாட்டி

என் மகன் நான்காம் வகுப்பில் இருந்தபோது, 2022 கால்பந்து உலகக் கோப்பைக்கு வந்த, பனினி நிறுவனத்தின் ஸ்டிக்கர் ஆல்பத்தை வாங்கிக் கொடுத்தேன். கோபிசெட்டிபாளையத்தில் எங்கள் தெருப் பிள்ளைகள் அதுவரை அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. ஒரு மாதத்தில் பள்ளி வேனில் பதினொரு பேர் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்கடுத்த ஒரு வருடத்தில் பள்ளியில் ஒரு பறிமுதல், வேனில் ஒரு அடிதடி, நோம்பிக் (திருவிழாக்) கடையில் வாங்கிய போலிக் கார்டு, வீடு தேடி வந்த ஒரு பாட்டி என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டோம்.

நான் மில்லில் கணக்கு எழுதுகிறவன். கணக்கு எழுதுகிறவன் வீட்டிலேயே கணக்கு இல்லாமல் நடந்த வியாபாரம் அது ஒன்றுதான். இப்போது மூன்றாம் வகுப்பில் இருக்கும் மகள் கிரிக்கெட் கார்டு சேர்க்கிறாள். இந்த இரண்டாம் சுற்றில் ஓரியாட்டம் (சண்டை சச்சரவு) வெகுவாகக் குறைந்திருக்கிறது. எதையெதைத் திருத்திக்கொண்டோம் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். உங்கள் பிள்ளை நேற்றுத்தான் முதல் பாக்கெட்டைப் பிரித்தது என்றால் இன்றே படித்துவிடுங்கள்.

1. கையில் இருப்பது எந்த வகை என்று பாருங்கள்

மூன்று வகை இருக்கிறது. மூன்றையும் ஒன்றாக நினைத்ததுதான் என் முதல் தப்பு.

முதலாவது ஸ்டிக்கர். ஆல்பத்தில் அதற்கென்று எண் போட்ட கட்டம் இருக்கும். ஒட்டிவிட்டால் அது உங்களுடையது. திரும்ப மாற்ற முடியாது. பிரித்தெடுத்த ஸ்டிக்கரை எந்தப் பிள்ளையும் வாங்காது.

இரண்டாவது, டாப்ஸ் நிறுவனத்தின் கிரிக்கெட் அட்டாக்ஸ், ஸ்லாம் அட்டாக்ஸ் போன்ற கார்டுகள். இவற்றை ஒட்டுவதில்லை என்பதால் எத்தனை முறை வேண்டுமானாலும் கைமாறும். சாதாரணக் கார்டு, பளபளப்பு, தங்க ஓரம் என்று தரம் உண்டு. ஓரியாட்டத்தின் பிறப்பிடமும் இந்தத் தரம்தான்.

மூன்றாவது, ரேங்க், உயரம், எடை, பைசெப்ஸ் என்று சொல்லி ஆடுகிற ட்ரம்ப் கார்டு. ஒரு கட்டு வாங்கினால் எல்லா வீரரும் அதிலேயே இருப்பார்கள். மாற்றிக்கொள்ள ஒன்றும் இல்லை; இது ஆடுவதற்கு. ஆட்டத்தில் தோற்றால் கார்டைக் கொடுத்துவிட வேண்டும் என்று பிள்ளைகள் பந்தயம் வைப்பார்கள். அந்தப் பந்தயத்தை மாற்றிக்கொள்ளும் கார்டுகளுக்கு வர விடாதீர்கள். "ஆட்டம் வேறு, மாத்தறது வேறு" என்பது எங்கள் வீட்டில் முதல் விதி.

2. இரண்டாவது பாக்கெட் வாங்கும் முன் ஒரு கணக்கு

2022 ஆல்பத்தில் மொத்தம் 670 ஸ்டிக்கர். 32 அணி, அணிக்கு 20, மீதி முப்பது மற்ற பக்கங்களுக்கு. பாக்கெட்டுக்கு 5 ஸ்டிக்கர், எந்தெந்த எண் என்று பிரித்தால்தான் தெரியும். அப்படியானால் 134 பாக்கெட்டில் ஆல்பம் நிறைந்துவிடும் என்று நானும் நினைத்தேன். ஒரு ஸ்டிக்கர்கூட இரண்டாம் முறை வராமல் இருந்தால்தான் அது நடக்கும்.

எல்லா எண்ணையும் சம அளவில் அச்சிடுவதாகவே பனினி சொல்கிறது. அதை அப்படியே நம்பிக்கொண்டாலும், யாரோடும் மாற்றாமல் பாக்கெட் வாங்கியே 670 ஐயும் நிரப்ப, சராசரியாக 4,700 ஸ்டிக்கருக்கு மேல் வாங்க வேண்டும். ஏறத்தாழ 950 பாக்கெட். பாக்கெட் 50 ரூபாய் என்று வைத்தால் 47,500 ரூபாய். உங்கள் கவரில் என்ன விலை போட்டிருக்கிறதோ அதைப் போட்டுப் பெருக்கிக்கொள்ளுங்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, பணம் எந்த இடத்தில் போகிறது என்பதுதான். பாதி ஆல்பம் ஏறத்தாழ 93 பாக்கெட்டில் நிரம்பிவிடும். கடைசி 20 ஸ்டிக்கருக்கு மட்டும் 480 பாக்கெட்டுக்கு மேல் வேண்டும். அதாவது மொத்தச் செலவில் பாதி அந்த இருபதுக்கே போகிறது. கடைசி ஒரே ஒரு ஸ்டிக்கருக்குச் சராசரியாக 134 பாக்கெட், முழு ஆல்பத்துக்கு வாங்கலாம் என்று முதலில் நினைத்த அதே எண்ணிக்கை.

நான் இந்தக் கணக்கைப் போட்டது 88 பாக்கெட் வாங்கிய பிறகு. 440 ஸ்டிக்கரில் ஒட்டியது 321. மீதி 119 டபுள்ஸ், அதாவது ஏற்கெனவே இருந்த எண்ணே திரும்ப வந்தவை, ஒரு பனியன் டப்பாவில் கிடந்தது. "ராசி இல்லை" என்று வீட்டில் பேசிக்கொண்டோம். ராசியெல்லாம் சரியாகத்தான் இருந்தது, கணக்கில் வருவதே அவ்வளவுதான்.

எனவே செலவுக்கு நான் சொல்லும் முறை இது. பாதி நிறையும் வரை வாங்குங்கள். அப்புறம் கையில் இருக்கும் டபுள்ஸ் முழுவதும் மாற்றித் தீரும் வரை ஒரு பாக்கெட்டும் வேண்டாம். தீர்ந்ததும் பத்துப் பாக்கெட், திரும்ப மாற்று. நாங்கள் மொத்தம் 148 பாக்கெட்டோடு நிறுத்தினோம். ஆல்பத்தில் 667 ஒட்டியிருந்தது.

3. நோட்டு போடுங்கள்

நாற்பது பக்க நோட்டு ஒன்று. இருபது ரூபாய்க்குள் முடிகிற செலவு. இந்த விஷயத்தில் நாங்கள் செய்த செலவிலேயே உருப்படியானது இதுதான்.

முதல் பகுதியில் "இல்லாதவை". ஆல்பத்தின் பட்டியலைப் பார்த்து அணிக்கு ஒரு வரி போட்டு, இல்லாத எண்களை மட்டும் பிள்ளையே எழுத வேண்டும். வந்ததும் அடிக்க வேண்டும். நீங்கள் எழுதிக் கொடுத்தால் அது உங்கள் ஆல்பம் ஆகிவிடும். (மகன் எழுதிய முதல் பட்டியலில் ஜப்பானைக் காணோம். இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. பரவாயில்லை.)

பின்பக்கத்திலிருந்து "டபுள்ஸ்". எண்ணும், எத்தனை என்பதற்குக் கோடுகளும். பிரேசில் 7 என்று எழுதிப் பக்கத்தில் மூன்று கோடு.

நடுவில் நான்கு பக்கம் காலியாக விடுங்கள். அது பாக்கிக் கணக்கு. "நாளைக்குத் தர்றேன்" என்று ஒருவன் இன்று வாங்கிக்கொண்டு போவான். தேதி, யார் யாருக்கு எதைத் தர வேண்டும், இருவர் கையெழுத்து. இது இல்லாததால்தான் வேனில் அடிதடி நடந்தது. ஒருவன் கொடுத்துவிட்டேன் என்கிறான், மற்றவன் வரவில்லை என்கிறான். நடத்துகிறவரே இல்லாத ஏலச்சீட்டு எப்படி முடியுமோ அப்படி முடிந்தது.

போனில் படம் எடுத்து வைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். பிள்ளை மாற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில் உங்கள் போன் உங்களோடு வேலையில் இருக்கும். வாரம் ஒருமுறை நோட்டையே படம் எடுத்து வையுங்கள். எங்கள் நோட்டு ஒருமுறை ரசத்தில் நனைந்தது.

4. உறை, டப்பா, தாள்

ஸ்டிக்கர்களுக்கு விசிட்டிங் கார்டு டப்பா அளவாகப் பொருந்தும். அச்சகத்தில் கேட்டால் காலி டப்பா சும்மாவே தருவார்கள். கார்டுகள் அதில் போகாது. இரண்டரை அங்குல அகலமும் மூன்றரை அங்குல உயரமும் உள்ளவை அவை. அவற்றுக்கு ஒன்பது பை உள்ள பிளாஸ்டிக் தாள் கிடைக்கிறது. முதுகோடு முதுகு வைத்தால் ஒரு தாளில் 18 கார்டு. நான் வாங்கியபோது தாள் இருபது ரூபாய்க்குச் சற்று மேல். பத்துத் தாளும் ஒரு வளையக் கோப்பும் போதும். தனிக் கார்டுக்கான மெல்லிய உறை தங்க ஓரக் கார்டுகளுக்கு மட்டும் வாங்குங்கள். எல்லாவற்றுக்கும் போட்டால் கட்டுப்படியாகாது.

ரப்பர் பேண்டு மட்டும் வேண்டாம். இரண்டு நாளில் ஓரத்தில் பள்ளம் விழும், சித்திரை வெயிலுக்கு இளகி ஒட்டியும் கொள்ளும். காகிதப் பட்டை சுற்றுங்கள். கார்டின் பின்னால் பேனாவால் பேர் எழுதவும் விடாதீர்கள். அக்காள் தம்பி இருக்கிற வீட்டில் யாருடையது என்று தெரிய வேண்டுமென்றால் உறையின் மேல் எழுதலாம். என் மகன் தங்கையின் கார்டைத் தன்னுடையது என்று மாற்றிவிட்டு வந்த பிறகு வந்த ஏற்பாடு இது.

5. பள்ளிக்குக் கொண்டுபோவது

முதலில் கேளுங்கள். கேட்காமல் கொடுத்து அனுப்பினேன். கணக்கு வகுப்பில் மேசைக்கு அடியில் மாற்றிக்கொண்டிருந்தபோது மொத்தமாகப் பிடுங்கப்பட்டது. வருடக் கடைசியில் ஒரு துணிப்பையில் ஏழு பிள்ளைகளின் கார்டும் ஒட்டுக்கா திரும்பி வந்தது. எது யாருடையது என்று பிரிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது. பிரித்தும் இரண்டு வீட்டுக்கு இன்னும் திருப்தி இல்லை. டீச்சர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

பல பள்ளிகளில் கார்டு கொண்டுவரவே கூடாது. டைரியில் இரண்டு வரி எழுதிக் கேட்டுவிடுங்கள். "மதிய இடைவேளையில் மட்டும் கொண்டுவரலாமா?" என்று கேட்டால் ஆம் அல்லது இல்லை என்று எழுத்திலேயே வந்துவிடும். இல்லை என்றால் அதோடு விடுங்கள், வேனும் பள்ளியில் சேர்த்திதான். எங்கள் வேன் அண்ணன், வண்டி நிற்கும்போது மட்டும் என்று சொல்லியிருந்தார். ஓடும்போது மாற்றி, பிரேக் போட்டதில் கார்டெல்லாம் சீட்டுக்கு அடியில் சிதறிய அன்று அதையும் நிறுத்திவிட்டார்.

அனுமதி கிடைத்தாலும் டபுள்ஸில் பதினைந்துக்கு மேல் போக வேண்டாம். ஆல்பமும் தங்க ஓரக் கார்டுகளும் வீட்டு அட்டாலியை (பரணை) விட்டு இறங்கக் கூடாது. காட்டுவதற்கு என்று எடுத்துப்போனவைதான் எப்போதும் காணாமல் போகும்.

6. உட்கார்ந்து மாற்றுவது

சனி ஞாயிறு காலை பத்து மணி, திண்ணை அல்லது ஒரு மேசை, கை கழுவிவிட்டு. முறுக்குத் தட்டு அக்கட்ட இருக்கட்டும். அரை மணி நேரம் போதும்; அதற்கு மேல் போனால் மாற்றுவது நின்று பேரம் பெருகும்.

இருவரும் டபுள்ஸை மட்டும் எடுத்து வைக்க வேண்டும். ஒருவன் தன் கட்டை ஒவ்வொன்றாகத் தள்ள, மற்றவன் தன் நோட்டைப் பார்த்துச் சொல்வான்: "இருக்கு, இருக்கு, இருக்கு... இல்ல!" அந்த "இல்ல" வரும்போது குரல் உச்சிக்குப் போகும். அங்கேதான் கவனம் வேண்டும். அவ்வளவு சத்தமாக "இல்ல" என்று சொன்ன கார்டுக்கு எதிராளி மூன்று கேட்பான். என் மகளுக்கு நான் சொல்லிக் கொடுத்த ஒரே தந்திரம், எல்லா "இல்ல"வையும் ஒரே குரலில் சொல்வது. அவளுக்கு இன்னும் வரவில்லை.

வேண்டியதைத் தனியே எடுத்து வையுங்கள், கொடுக்க வேண்டாம். பிறகு எதிர்க்கட்டு, அதே மாதிரி. இரண்டு குவியலையும் எண்ணி, ஓரம் மடங்கியிருக்கிறதா என்று முன்னும் பின்னும் பார்த்து, ஒரே நேரத்தில் கைமாற்றுங்கள். அங்கேயே நோட்டில் அடியுங்கள். வீட்டுக்குப் போய் அடிக்கலாம் என்று விட்டால் அதே எண்ணை மறுபடியும் வாங்கி வருவார்கள். நாங்கள் குரோஷியா 11 ஐ மூன்று முறை வாங்கினோம்.

விலை விஷயத்துக்கு வருகிறேன். ஸ்டிக்கர் என்றால் ஒன்றுக்கு ஒன்று. அணிச் சின்னம் பளபளவென்று இருப்பதால் இரண்டு கேட்பார்கள். எல்லாம் சம அளவில் அச்சாவது என்றால் அது மற்றதைவிட அரிதல்ல, மினுக்குகிறது, அவ்வளவுதான். ஆனாலும் இரண்டு கொடுத்து வாங்கப் பிள்ளைக்கு ஆசையாக இருந்தால் விடுங்கள். கையில் இருக்கும் டபுள்ஸ் பயன்படாமல் கிடப்பதற்கு அது மேல். மெஸ்ஸிக்கும் அப்படியே. மெஸ்ஸிக்காக என் மகன் ஆறு கொடுத்தான். ஆறும் டபுள்ஸ். எனக்கு வயிறு எரிந்தது. அவன் அன்று இரவு ஆல்பத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினான்.

கார்டுகளில் அரிது என்பது நிஜம். அங்கே பெரியவர்கள் ஆன்லைனில் விலை பார்க்கத் தொடங்குவார்கள். பார்ப்பதானால் விற்று முடிந்த விலையைப் பாருங்கள், கேட்கிற விலையை அல்ல. யார் வேண்டுமானாலும் ஒரு கார்டுக்கு ஐயாயிரம் கேட்கலாம். பார்த்த விலையைப் பிள்ளையிடம் சொல்லவும் வேண்டாம். சொன்ன நாளிலிருந்து அது மாற்றாது, பூட்டி வைக்கும்.

மூன்று பேர் மாற்று கொஞ்சம் சிக்கல். உங்கள் பிள்ளைக்கு வேண்டியது கார்த்தியிடம், கார்த்திக்கு வேண்டியது உங்கள் பிள்ளையிடம் இல்லை, மூன்றாமவனிடம் இருக்கிறது என்று வரும். மூவரும் ஒரே இடத்தில் இருந்தால் மட்டும் செய்யுங்கள். இல்லையென்றால் பாக்கிக் கணக்குப் பக்கம் நிறைந்துவிடும்.

காசு கலக்கவே கூடாது. "இந்தக் கார்டும் பத்து ரூபாயும்" என்று ஒருமுறை ஆரம்பித்தால் அடுத்த வாரம் தின்பண்டக் காசெல்லாம் கார்டாக மாறும்.

7. மனசு மாறினால்: ஒரு நாள் கெடு

"குடுத்தது குடுத்ததுதான்" என்பது பிள்ளைகள் சட்டம். எங்கள் வீட்டிலும் அதுதான் இருந்தது, அந்தப் பாட்டி வரும் வரை.

மகன் அப்போது ஐந்தாம் வகுப்பு. பக்கத்துத் தெருவில் இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவனிடம் பதினொரு சாதாரணக் கார்டு கொடுத்து ஒரு தங்க ஓரக் கார்டை வாங்கி வந்திருந்தான். பெருமையாகக் காட்டினான். நானும் சபாஷ் என்றேன். மறுநாள் பொழுதோட, வாசலில் அந்தப் பையனின் ஆத்தா நிற்கிறார். முந்தானை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே கார்டுகள், முடிச்சின் வளைவுக்கு வளைந்து.

"ஏனுங் சாமி, எம்பேரன் நேத்திருந்து சோறு திங்கமாட்டீங்கறானுங்க. உங்க பையன் பதனொன்னு குடுத்தானாமா, இவன் ஒண்ணு குடுத்தானாமா. எண்ணிப் பாத்தா எங்குளுக்குத்தானுங்க லாபம். ஆனாலும் அழுவறான். இதென்னன்னு எனக்கு வெளங்கலீங்க."

"உக்காருங்க ஆத்தா," என்று சொல்லிவிட்டு மகனைக் கூப்பிட்டேன். அவன் தங்கக் கார்டைப் பின்னால் மறைத்துக்கொண்டு வந்தான். எண்ணினால் பத்துதான் இருந்தது. பதினொன்றாவது பையனின் டவுசர் பையோடு துவைக்கப் போய்விட்டதாம். ஒன்று குறைந்தால் திருப்பித் தர மாட்டேன் என்று மகன் நின்றான். சட்டப்படி அவன் சொன்னது சரி. ஏழு வயதுப் பையனை ஏமாற்றியதும் நிஜம். அரை மணி நேரம் பேசித்தான் கொடுத்தான்.

அதற்குப் பிறகு எங்கள் தெருவில் பெற்றோர் நாலைந்து பேர் பேசி வைத்தது: எந்த மாற்றத்தையும் மறுநாள் அதே நேரத்துக்குள் திருப்பலாம், திருப்பினால் இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்ப வேண்டும், அதுவரை ஸ்டிக்கரை ஒட்டக் கூடாது. இரண்டு வகுப்புக்கு மேல் வித்தியாசம் உள்ள பிள்ளைகள் மாற்றினால் ஒரு பெரியவர் தலையாட்ட வேண்டும். சீராடிக்கொண்டு பேசாமல் இருப்பது இப்போது ஒரு நாளோடு தீர்ந்துவிடுகிறது.

8. போலி

நோம்பிக் கடைகளிலும் சில பேன்சி ஸ்டோர்களிலும், ஒரு டப்பா முழுக்கத் தங்க நிறக் கார்டாக மலிவு விலைக்குத் தொங்கும். அரிதான கார்டு ஒரு டப்பாவில் ஐம்பது இருந்தால் அது அரிதல்ல. அதுவே போதுமான சோதனை. சந்தேகம் வந்தால் உண்மையான பாக்கெட்டில் வந்த ஒரு கார்டைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பின்பக்க நிறம் வெளிறியிருக்கும் அல்லது அடர்ந்திருக்கும், கனம் மாறும், வீரர் பேரில் எழுத்துப் பிழை இருக்கும், கீழே பொடி எழுத்தில் தயாரித்த நிறுவனமும் ஆண்டும் இருக்காது.

போலி என்று தெரிந்தால் விளையாட வைத்துக்கொள்ளலாம். மாற்றும்போது சொல்லிவிட்டு மாற்ற வேண்டும். சொல்லாமல் மாற்றினால், தெரியவரும் நாளில் அந்தப் பிள்ளையோடு யாரும் மாற்ற மாட்டார்கள். அதை என் மகன் மூன்று வாரம் அனுபவித்தான், அவனுக்கே தெரியாமல் மாற்றியதற்கு.

9. வெளியூரோடு மாற்றுவது

தெருவில் எல்லோரிடமும் ஒரே டபுள்ஸ் சேர்ந்ததும் மாற்றம் தேங்கிவிடும். அப்போது வெளியூர்தான் வழி. எங்களுக்குத் தாராபுரத்தில் அம்மிச்சி வீடு, கோயமுத்தூரில் சித்தப்பா வீடு. விடுமுறைக்குப் போகும்போது நோட்டும் டபுள்ஸும் பையில் இருந்தால் ஒரே நாளில் முப்பது ஸ்டிக்கர் வரும். புதிய தெருவில் யாரிடமும் இல்லாதது நம்மிடம் இருக்கும். ஒறம்பரை யாராவது போகிறார்கள் என்றால் அவர்களிடமே கொடுத்தனுப்பலாம், அதைவிடப் பாதுகாப்பான தபால் இல்லை.

தபாலில் அனுப்பவும் செய்யலாம். நாங்கள் அனுப்பியபோது சாதாரணக் கவருக்கு 20 கிராம் வரை 5 ரூபாய். பதினைந்து ஸ்டிக்கரை ஒரு காகிதத்தில் மடித்து, பனியன் டப்பாவின் மெல்லிய அட்டைத் துண்டு ஒன்றோடு வைத்து அனுப்பினோம், சரியாகப் போய்ச் சேர்ந்தது. கார்டு அனுப்பினால் கனம் கூடும், தபால் நிலையத்தில் எடை போட்டு ஸ்டாம்பு ஒட்டுங்கள். கவரை ஒட்டும் முன் கார்டை இரண்டு பக்கமும் படம் எடுத்து, மாற்றிக்கொள்ளும் வீட்டுக்கு அனுப்புங்கள். இருவரும் ஒரே நாளில் அனுப்புவதாகப் பேசிக்கொள்ளுங்கள். முதல் முறை ஐந்தாறுக்கு மேல் வேண்டாம்.

முன்பின் தெரியாதவர்களோடு வாட்ஸ்ஆப் குழுவில் மாற்றுவது என்றால் பேச வேண்டியது நீங்கள், பிள்ளை அல்ல. கார்டைப் படம் எடுக்கும்போது பள்ளிச் சீருடையோ அடையாள அட்டையோ பின்னால் தெரியக் கூடாது. நேரில் என்றால் கூட்டம் உள்ள இடத்தில், பகலில். யாராவது பணம் தருகிறேன், பின் நம்பரைப் போடுங்கள் என்றால் அங்கேயே நிறுத்துங்கள். யுபிஐ வழியாகப் பணம் பெறுவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை.

10. எப்போது தொடங்கி எப்போது நிறுத்துவது

இந்தச் சந்தைக்கு உயிர் கொஞ்ச நாள்தான். 2022 இல் உலகக் கோப்பை நவம்பர் 20 முதல் டிசம்பர் 18 வரை. டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு, அப்புறம் விடுமுறை. நாங்கள் தேர்வு முடியட்டும் என்று இருந்துவிட்டோம். ஜனவரியில் வேன் ஏறினால் பதினொரு பேரில் நான்கு பேர் பம்பரத்துக்குப் போயிருந்தார்கள். போட்டி தொடங்குவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே மாற்றத் தொடங்கியிருக்க வேண்டும்.

ஐபிஎல் மார்ச் கடைசியில் தொடங்கும். ஆண்டுத் தேர்வு கூடவே வரும். தேர்வு நாட்களில் கார்டு அட்டாலியில். அதில் பேச்சே இல்லை. தேர்வு முடிந்த மறுநாளே தெருப் பிள்ளைகளைக் கூப்பிட்டு ஒரு சுற்று மாற்றிவிடுங்கள். மே மாதம் ஆளுக்கொரு அம்மிச்சி ஊருக்குப் போய்விடுவார்கள்.

இல்லாதவை இருபதுக்குக் கீழ் வந்ததும் பாக்கெட் வாங்குவதை அடியோடு நிறுத்துங்கள். அந்தக் கணக்கை மேலே பார்த்தீர்கள். இல்லாத எண்களைச் சின்னத் துண்டுச் சீட்டில் எழுதி, வேனிலும் டியூஷனிலும் ஆளுக்கொன்று கொடுத்துவிடச் சொல்லுங்கள். எங்களுக்குப் பதினேழு இருந்தபோது அப்படிச் செய்தோம். ஆறு வாரத்தில் பதினான்கு வந்தது. ஒன்று கோயமுத்தூரிலிருந்து, தீபாவளி மலருக்குள் வைத்து வந்தது. சித்தப்பாவுக்கு அது எங்கே இருக்கிறது என்று பத்து மாதம் மறந்துபோயிருந்தது.

மூன்று கட்டம் இன்னும் காலி. மிச்ச டபுள்ஸ் எழுபத்துமூன்றையும் நோட்டில் எழுதிக் கட்டி வைத்திருக்கிறேன். தூக்கிப் போட வேண்டாம் என்று மகன் சொல்லியிருக்கிறான்.